விலகி நின்ற சிவப்புக் கோடு

அத்திபெலே,
ஞாயிறு காலை.

மஸ்கட்டில் சௌக்கியமாக இருக்கும் கில்பர்ட்டுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். 'அன்புள்ள' என்று ஆரம்பித்துப் பார்த்தேன், கை வரவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு மட்டும் வருகிறது. தபால்காரர் கையிலிருந்து வாங்கிய கடிதத்தைப் படிக்காமல் இருக்க முடியாதல்லவா?

இங்கே எல்லாரும் நலம். என் மனைவி மரகதத்துக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. போன டிசம்பரில் உன் மனைவி நிருபமா ஊருக்கு வந்து ஆஸ்டின் டவுன் முழுக்கப் பேரீச்சம்பழம் கொடுத்தாளாம். எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. "பதினோரு வருஷம் உங்ககிட்ட வேலை செஞ்சவன் பொண்டாட்டிக்கு நம்ம வீட்டு வழி மறந்துபோச்சா?" என்று மரகதம் கேட்டாள். சர்க்கரைக்காரி வீட்டுக்கு எதற்குப் பழம் என்று சொல்லிச் சமாளித்தேன். நீ போகும்போது போல்ட்டை அளவாக முடுக்கும் என் டார்க் ரெஞ்சைச் சொல்லாமல் எடுத்துப் போனதையும் நான் மறக்கவில்லை. இதெல்லாம் சின்ன விஷயம். பெரியதற்கு வருகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் நம் ஷெட்டுக்கு ஒரு லாரி வந்தது. லாரி முதலாளி பாலகுமாருடைய பழைய வண்டியின் அதே மாடல். டிரைவர் சொன்ன குறையும் அதேதான்: இன்ஜின் ஆயில் குறையவில்லை, ஏறுகிறது. கேட்டதும் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்தேன். மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை. ஆயில் தண்ணீராய் ஓடியது, முகர்ந்தால் டீசல் நெடி. வடிதாளில் ஒரு சொட்டு விட்டேன். நடுவில் கறுப்பு, சுற்றிலும் வெளிறிய வளையம் பரவியது. டீசல் உள்ளே கலக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. எங்கிருந்து என்பதுதான் கேள்வி.

டீசலில் ஒளிரும் சாயத்தைக் கலந்து அரை மணி நேரம் ஓடவிட்டு, இன்ஜின் தலையை மூடும் டேப்பட் கவரைக் கழற்றி, நீல விளக்கைப் பிடித்தேன். இன்ஜெக்டரிலிருந்து டீசல் திரும்பும் குழாயின் மூட்டில் பச்சையாக மின்னியது. அரை ரூபாய் அகலமுள்ள செம்பு வாஷர் நசுங்கியிருந்தது. அங்கே கசிவது வெளியே தெரியாது, நேராக ஆயிலில் போய் விழும். வாஷர் என்னிடம் இருந்தது. குழாயில்தான் விரிசல். கம்பெனியில் கேட்டால் பத்து நாள் என்றார்கள். அப்போதுதான் ஷெட்டின் மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் பாலகுமாருடைய வண்டியிலிருந்து இறக்கிய பழைய இன்ஜின் ஞாபகம் வந்தது. அதிலிருந்து குழாயைக் கழற்றலாம் என்று டேப்பட் கவரைத் திறந்தேன்.

நான்கு வருடத்தில் அதை யாரும் தொட்டதில்லை. மூன்றாவது இன்ஜெக்டரின் அந்த மூட்டில், போல்ட்டின் தலைமேல் ஒரு கருஞ்சிவப்புக் கோடு இருந்தது.

தளர்ந்தால் தெரியட்டும் என்று நான் முடுக்கும் போல்ட்டில் மஞ்சள் பெயின்டில் கோடு வைப்பேன். நீ நிருபமாவின் நெயில் பாலிஷ் வைப்பாய். "சார், இது காயவும் காயாது, அழியவும் அழியாது, என் பொண்டாட்டி மாதிரி" என்று எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்பாய். போல்ட்டிலிருந்து குழாய்வரை ஒரே கோடாக நீ இழுத்தது இப்போது இரண்டாக விலகி நிற்கிறது. போல்ட் தளர்ந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தேன். புது வாஷர் போடவில்லை. பழையதையே திருப்பிப் போட்டு, டேப் சுற்றி முடுக்கியிருக்கிறாய்.

அந்தக் கவரைத் திறக்கவே இல்லை என்று என்னிடம் சொன்னவன் நீ.

பாலகுமாரின் டிரைவர் பச்சைமுத்து வந்து நின்ற காலை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "ஆயில் ஏறுது சார், என்னன்னு பாருங்க" என்றார். நீதான் கிண்டல் செய்தாய்: "அண்ணே, உங்க வண்டி ஆயில் கறக்குது போல. ஒரு கேன் எங்களுக்கும் ஊத்துங்க." ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். மாலையில், வெளியே எல்லாம் பார்த்தாயிற்று, கவரைத் திறக்கவே தேவைப்படவில்லை, அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார், அவ்வளவுதான் என்றாய். நான் ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டேன். பதினோராவது நாள் சூளகிரி மேட்டில் நீர்த்த ஆயிலில் பேரிங் கடித்து இன்ஜின் நின்றது. ஆயிலில் டீசல் எப்படி வந்தது என்று பாலகுமார் கேட்டார். "நல்ல ஆயிலை வித்துட்டு டீசலைக் கலந்து ஊத்தியிருக்கான் சார், இந்த ரோட்டுல இது புதுசா?" என்று நீ என் காதில் சொன்னாய். நான் அதையே பாலகுமாருக்கு நல்ல தமிழில், ஆங்கிலத்தில், இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கவரைத் திறந்து பார்க்கவில்லை. நீ சொன்னால் நான் பார்த்த மாதிரி என்று நினைத்திருந்தேன்.

அடுத்த மாதம் நீ மஸ்கட் போனாய். அந்த வேலைக்கு உன் நேர்மையைப் பற்றிக் கடிதம் கேட்டாய். அதிலும் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் விசாவைக் கிழித்தா போட்டிருப்பேன்? புது வாஷர் வரும்வரை வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பேன். அவ்வளவுதானே?

வந்த லாரியைச் சரிசெய்து அனுப்பிவிட்டேன். குழாய் மாற்றி, புது வாஷர் போட்டு, ஆயிலை வடித்து, புது ஆயிலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்து, பில்டர் மாற்றி மறுபடி ஊற்றினேன். ஆயில் சட்டியைக் கழற்றிப் பேரிங்கையும் பார்த்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து அளந்தபோது ஆயில் ஏறாமல் அதே அளவில் நின்றது.

பிறகு ஹெப்பகோடிக்குப் போனேன். பச்சைமுத்து அங்கே ஒரு பேக்டரி கேட்டில் வாட்ச்மேன். ஆயில் திருடன் என்ற பெயர் அத்திபெலேயிலிருந்து ஓசூர்வரை போனபின் யார் ஸ்டியரிங் கொடுப்பார்கள்? நான் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். "ஆயில் ஏறுதுன்னு நான்தான சார் வந்து சொன்னேன்? திருடறவன் வந்து சொல்லுவானா? படிச்சவங்க நீங்க, இது தோணலையா?" என்றார். சத்தமே போடவில்லை. பிறகு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்து முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒரு கம்பெனி பஸ் ஓட்டும் வேலை அவருக்கு வருகிறது. பழைய முதலாளியிடம் விசாரிப்பார்களாம். வரும் இருபதாம் தேதி கடைசி. பாலகுமாரிடம் போய் விலகிய கோட்டைப் போட்டோவில் காட்டினேன். "நெயில் பாலிஷா? சார், தமாஷ் பண்றீங்களா?" என்றார். நான் எழுதித் தருகிறேன் என்றேன். "அன்னைக்கு ஒண்ணு எழுதுனீங்க, இன்னைக்கு ஒண்ணு எழுதறீங்க. உங்க எந்தக் கையெழுத்த நான் நம்பறது? வேலை செஞ்சவன் எழுதட்டும், பாக்கலாம்" என்றார்.

ஆகவே நீ எழுத வேண்டும். மூன்று வரி போதும்: கவரைத் திறந்தேன், பழைய வாஷரையே போட்டேன், டிரைவர் மேல் தப்பில்லை. பாலகுமாருக்கு நேரே அனுப்பு, எனக்கு வேண்டாம். உன்னை அங்கே யாரும் வேலையை விட்டு அனுப்பப் போவதில்லை. அனுப்பும்படி நான் எதுவும் செய்யவும் மாட்டேன். டார்க் ரெஞ்சை நீயே வைத்துக்கொள், ஆனால் அதை வைத்து முடுக்கு. உன் மகள் அதிதி நன்றாகப் படிக்கட்டும். நிருபமாவின் முதுகுவலி தேவலையாகட்டும். நீ எங்கே வேலை செய்தாலும் உன் கோடு விலகாமல் நிற்கட்டும்.

கீழே பெயரெழுதப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். உன் பேச்சை நம்பி மூன்று முறை கையெழுத்துப் போட்டதில் என்னுடையது செல்லாததாகிவிட்டது. நாளை காலை போஸ்ட் ஆபீஸ் திறந்ததும் இதை இப்படியே போடப்போகிறேன், கையெழுத்தில்லாமல். யார் எழுதியது என்று உனக்குத் தெரியும். முதலில் நீ உன் கையெழுத்தைப் போடு.