மறந்துவிட்டதாகச் சொன்ன நாலு வரி

நேற்று உன் மகள் உன் லேப்டாப்பைத் திறந்தபோது, விசைகளின் இடுக்கிலிருந்து மூக்குப்பொடி வாசனை வந்தது. பிரான்சிலிருந்து எட்டு மாதக் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். அதிலிருக்கும் உன் படங்களைப் புருஷனுக்கு அனுப்பப் பார்த்தாள். வைஃபை வரவில்லை. எப்படி வரும்? நீ இருக்கும்போதே போன வைஃபை அது.

உன் மருமகன் அனுப்பிய லேப்டாப். உள்ளே ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்றாய். அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் போதெல்லாம் வைஃபையை ஓட்டும் டிரைவர் என்ற மென்பொருள் போய்விடும். நாலு வரி அடித்து மறுபடி ஏற்ற வேண்டும். முதல் தடவை மருமகன் போனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, நீ உரக்கத் திருப்பிச் சொல்லி அடித்தாய். பக்கத்தில் இருந்த எனக்கு எழுத்து தெரியாது. ஓசை மட்டும் உள்ளே இறங்கிவிட்டது. அடுத்த தடவை நீ குறித்துவைத்த தாளைக் காணாமல் தவித்தபோது, “எஸ், யூ, டி, ஓ. ஒரு சந்து வுடு. எம், ஏ, கே, ஈ...” என்று ஆரம்பித்தேன். வாயைப் பிளந்தாய். “காகிதம் தொலைஞ்சுடும்டா, நீ தொலைய மாட்டே” என்றாய். அதன்பின் நீ எழுதிவைக்கவே இல்லை.

ஆலை எடைமேடையில் எழுத்தராக இருந்தவன் நீ. அங்கே கரும்பு வண்டி ஓட்டியவன் நான். நான் சொல்லி நீ அடித்தால் திரையில் உன் மகள் முகம் வரும். என் பட்டன் போனில் குரல்தான் வரும், முகம் பார்க்க இந்தத் திரைதான் என்பாய்.

டீக்கடையில்தான் கெட்டது. “பெரியவரே, கம்ப்யூட்டர் ரிப்பேர்லாம் நீங்களே பாக்கறீங்களாமே?” என்று ஒருவன் உன்னைக் கேட்டான்.

“ஆமாபா, எல்லாம் நான்தான். இவன் சும்மா பக்கத்துல குந்தினு இருப்பான். கைநாட்டுக்கு இன்னா தெரியும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரமே டிரைவர் போயிற்று. உனக்குப் பேத்தி பிறந்து இரண்டு நாள். ஓடி வந்தாய். “வாடா வூட்டுக்கு, கொழந்தைய பாக்கணும். நாலு வரி சொல்லு.”

“மறந்துட்டேன்பா” என்றேன்.

எல்லாம் தனக்கு அத்துப்படி என்று பீற்றியிருந்ததால் மருமகனிடம் கேட்க உனக்குக் கூச்சம். வில்லியனூர்க் கடையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு போடலாம் என்றார்கள். படங்கள் போய்விடுமே என்று திருப்பி எடுத்து வந்தாய். தினமும் காலையில், “இன்னாடா, வந்துச்சா?” இன்னும் ஒரு நாள் கெஞ்சட்டும் என்றிருந்தேன்.

ஐந்தாம் நாள் நீ கெஞ்சவில்லை. என் தோளில் கை வைத்தாய். “பயப்படாதடா. நம்ம வயசுல வரதுதான். டாக்டராண்ட போலாமா? நானும் கூட வரேன்.”

அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வேன்? ஒன்பதாம் நாள் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய். பேத்தியின் அழுகையைப் பட்டன் போனில் கேட்டாய். முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று வைஃபை வராததால் புருஷனைக் கேட்க உன் மகள் போனை எடுத்தாள். அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. நாலு வரியும் தடங்கலில்லாமல் சொன்னேன், அவள் அடித்தாள், வைஃபை வந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

“மாமா, ஒங்களுக்கு மறதி வந்துடுச்சி, யாரும் எதுவும் கேட்டுத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு அப்பா சொன்னாரே?”

“திடீர்னு ஞாபகம் வந்துச்சிம்மா.”

இது இரண்டாவது பொய்.

அப்பாவுக்கு ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, எழுதித் தரேன் என்று இன்று அவளே உட்கார்ந்திருக்கிறாள். உன் லேப்டாப்பில்தான் அடிக்கிறாள். ‘மறந்துட்டேன்பா’ என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. “நிறுத்தாதம்மா, அடி” என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

உன் பேத்தி என் காலடியில் தவழ்கிறாள். உன் மூக்கு அப்படியே இருக்கிறது.

அந்த நாலு வரியில் ஓர் எழுத்தாவது மறந்திருக்காதா என்று தினமும் சொல்லிப் பார்க்கிறேன். பிசகாமல் வருகிறது.