பட்டியலில் ஏழாம் இலக்கம்

டிசம்பர் 10, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். குண்டசாலை போர்டிங்கிலிருந்து கண்டி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். என் குடை ஒரு பெண்ணின் காலில் குத்தி, எட்டு மணிக்கே ஏச்சு.

இன்றைய வேலை:
4ஆம் அறை – சுடுதண்ணீர் வரவில்லை.
20 வெள்ளி – ஏயார்போர்ட் வேன், நோர்வே ஆட்கள், 2.
அம்மாவுக்கு ஸ்வெட்டர்.
பட்டியல்!!

பட்டியல்தான் உயிரை வாங்குகிறது. "குளிர்காலத்தில் கண்டியில் செய்ய வேண்டியவை." நான் வேலை செய்யும் கெஸ்ட் ஹவுஸ் முன்மேசையில் பிளாஸ்டிக் உறை போட்டு வைப்பது. டிசம்பர் வந்தால் முதலாளி மேடத்துக்கு அது புதிதாக வேண்டும். யாருடைய குளிர்காலம்? நமக்கு உள்ளது மழை, பிறகு பனி, பிறகு மறுபடி மழை.

இதுவரை: 1. தலதா மாளிகை, காலைப் பூசை. 2. ஏரியைச் சுற்றி நடை (மரத்துப் பறவைகள் தலையில் எச்சமிடும் என்று எழுதக் கூடாதாம்). 3. பேராதனைப் பூங்கா. 4. நடனம், மாலை 5. 5. உடவத்தகெல காடு (அட்டை பற்றி மூச்சு விடக் கூடாது). 6. மலை உச்சிப் புத்தர்.

மேடம் பார்த்தார். என்னை எப்போதும் நங்கி, சிங்களத்தில் தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். "நங்கி, இதெல்லாம் எல்லாரிடமும் இருக்கிறது. நம்மிடம் மட்டும் இருக்கிற மாதிரி ஒன்று வேண்டும்."

ஸ்வெட்டர் வாங்கவில்லை. மழை.

டிசம்பர் 12, வியாழன்

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

மேடம் சொன்னார், ஏரிக்கு அந்தப் பக்கத்து ஹோட்டலில் தேயிலைத் தொழிலாளி வீட்டுக்கே ஆட்களைக் கூட்டிப்போகிறார்களாம். கொழுந்து பறித்துக் காட்டி, அவர்களுடைய வரிசை வீட்டில், லயத்துக்குள், தேத்தண்ணீர். வெள்ளைக்காரர்கள் அழுதுவிடுகிறார்களாம்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஜனவரியில் மெனேஜர் வேலை காலியாகிறது. அதுதான் வாயைத் திறக்க வைத்தது. "கலஹா பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தோட்டம் இருக்கிறது, மேடம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"படிக்கும்போது ஒரு சிநேகிதி இருந்தாள்."

ஆறு வருடத்துக்கு முன் நேர்முகத்தில் இதே மேடம் கேட்டார், தமிழ் என்றால் எந்தத் தமிழ், தோட்டமா என்று. இல்லை, கலகெதரவில் அப்பாவுக்குக் கடை என்றேன். உண்மையில் அப்பா அந்தக் கலஹாத் தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து வாட்டியவர். அவர் செத்து அப்போதே மூன்று வருடம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து ஆறு வருடம் சாப்பிட்டாகிவிட்டது. இனி என்ன.

எனக்கு வெட்கம் அம்மாவைப் பற்றி இல்லை என்று இங்கே எழுத ஆசை. யாரும் படிக்கப்போகிற புத்தகம் இல்லை, அதனால் பொய் வேண்டாம். அம்மாவைப் பற்றித்தான்.

டிசம்பர் 15, ஞாயிறு

கலஹா பஸ். ஜன்னல் மூடவில்லை, ஒரு பக்கம் முழுக்க நனைந்தேன். தோட்டத்தில் அப்படி ஒரு பனி. அம்மா என் பழைய பள்ளிக்கூட ஜேர்சியை ரவிக்கைக்கு மேல் போட்டிருந்தார். முழங்கையில் ஓட்டை. ஸ்வெட்டர் ஞாபகம் வந்து தலையைத் திருப்பிக்கொண்டேன்.

நான் போனது ராஜேஸ்வரி அக்காவைப் பார்க்க. லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பரா. இருபது வருடம் கொழுந்து பறித்த கை. விஷயத்தைச் சொன்னேன்.

"வரட்டுமே. தேத்தண்ணிதானே, ஊத்திக் குடுப்போம். என்னா, படம் புடிப்பாங்களா?"

"புடிப்பாங்க அக்கா. இன்னொன்னு. எங்க மேடமும் வருவாங்க. நான் இந்தத் தோட்டத்துப் புள்ளன்னு அவங்களுக்குத் தெரியாது."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி. நான் எதுக்கு சொல்லப்போறேன்?"

அம்மா வாசலில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. போகும்போது பையில் நாலு கொய்யா வைத்தார்.

டிசம்பர் 19, வியாழன்

தலைவலி. 2ஆம் அறைக்குத் தலையணை மாற்றியது மூன்று தரம். ஸ்வெட்டர் கடையில் நத்தார்ப் பண்டிகைக் கூட்டம், உள்ளே போகவே இல்லை.

அம்மா போன் எடுத்தார். ராஜேஸ்வரி அக்காவின் மகளுக்குப் பிரசவ வலி வந்து, அக்கா கொழும்புக்குப் போய்விட்டாராம். சனிக்கிழமை நோர்வேக்காரர்கள். நாளை மறுநாள்.

"நான் இருக்கேன்ல," என்றார் அம்மா.

"நீங்க கொழுந்து எடுத்ததே இல்லையேம்மா."

"அவங்களுக்கு என்னா தெரியவா போகுது? ராஜேஸ்வரி கூடை இங்கதான் கெடக்கு."

அம்மா முப்பது வருடம் பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் மலைக்கு ஏறினால் அவர்கள் குழந்தைகளுக்குப் பால் கரைத்து, தொட்டில் ஆட்டி, மூக்குச் சிந்தி விட்டவர். தோட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் ஆயாம்மாதான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். "சரிம்மா" என்றேன். அவரே சொன்னார்: "கவலப்படாத. ஒன்னய கண்டி ஆபீஸ் மிஸ்ஸுன்னு சொல்லிக்கிறேன்."

டிசம்பர் 21, சனி

மழை விட்டிருந்தது. வேன் 8.30. நோர்வே அம்மா பெயர் ஹெல்கா, அறுபது இருக்கும், புருஷன் வாய் திறக்காதவர். அவர்கள் ஊரில் இப்போது பகலிலேயே இருட்டாம், மூக்கு உறைகிற குளிராம். மேடம் முன் சீட்டில், காலில் புதுச் சப்பாத்து.

அம்மா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி நின்றார். கயிறு நழுவி நழுவி நெற்றிக்கு வந்தது. கைக்குக் கிடைத்ததையெல்லாம் பறித்தார், முற்றல் இலை. மேலே நிரையில் நின்ற பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"ஏய், ஆயாம்மா கொழுந்து எடுக்குதுடி! அடுத்த மாசம் கங்காணிதான்!"

மலை முழுக்கச் சிரிப்பு. மேடத்துக்குத் தமிழ் தெரியாதது நல்லதாயிற்று. ஹெல்கா கேட்டார், என்ன சொல்கிறார்கள்? உங்களைக் கண்டதில் சந்தோஷமாம் என்று மொழிபெயர்த்தேன். அவர் மலையைப் பார்த்துக் கையசைத்தார்.

பிறகு லயம். வாசலில் தண்ணீர் தெளித்து, உள்ளே உட்கார இரண்டு கதிரை, யாரிடமோ இரவல் வாங்கியது. சுவரில் நான் பரிசு வாங்குகிற படம் இல்லை. ஆணி மட்டும். நான் சொல்லவில்லை, அம்மாவாகவே கழற்றியிருக்கிறார். எனக்கு அது தோன்றக்கூட இல்லை.

"மிஸ், சீனி எவ்வளவு போடன்னு கேளுங்க."

மிஸ். கேளுங்க. என்னைப் பெற்றவர்.

கேட்டேன். ஒரு கரண்டி.

ஹெல்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?

நான் தேத்தண்ணீர்க் கோப்பையை ஹெல்கா பக்கம் நகர்த்தினேன். மேடம் என்னைப் பார்த்தார். "கேள், நங்கி."

"புள்ளைங்க எத்தன பேருன்னு கேக்குறாங்க."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மேடத்தின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இல்லீங்க. ஆண்டவன் குடுக்கல."

பிறகு, கொஞ்சம் பொறுத்து: "ஊரு புள்ளைங்களத்தான் வளத்தேன்."

ஹெல்கா என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். இல்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் நன்றாகத்தான் வந்தது. இரண்டாவதாகச் சொன்னதை மொழிபெயர்க்கவில்லை. ஹெல்கா அழுதுவிட்டார். அந்த ஹோட்டல் பற்றி மேடம் சொன்னது சரிதான், அழுகிறார்கள்.

திரும்பும்போது மேடம்: "அருமை, நங்கி. பாவம் அந்த மனுஷி. யாருமே இல்லை."

இரவு சோறு வேண்டாம் என்றேன். போர்டிங் அக்கா வயிற்று வலியா என்றார். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஹெல்கா தங்காலைக் கடற்கரைக்குப் போகிறார். போகுமுன் மேசையில் தன் குளிர்காலக் கோட்டு ஒன்றை வைத்தார். கருநீலம், முழங்கால் வரை, உள்ளே பஞ்சு. இனிமேல் வெயில்தானே, எனக்கு எதற்கு, பிள்ளையில்லாத அந்த அம்மாவிடம் சேர்த்துவிடு என்றார். என் கன்னத்தைத் தட்டினார். நல்ல பிள்ளை என்றார்.

மேடம் பட்டியலைப் புதிதாக அச்சடித்துவிட்டார். 7. தேயிலைத் தொழிலாளியின் இல்லத்தில் ஒரு காலை. அம்மாவின் படம், கூடையோடு. பக்கத்தில் நின்ற என்னை வெட்டியிருக்கிறார்கள். என் கை மட்டும் கொஞ்சம் தெரிகிறது.

குசினியில் சமைக்கும் நசீர் நானா படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "தங்கச்சி, இந்த மனிசிக்கும் ஒங்களுக்கும் ஒரே மூக்கு."

நான் படத்தை வாங்கி உறைக்குள் திரும்பச் செருகினேன்.

"நான் ஒண்டும் கேக்கல்ல," என்று சட்டியைக் கிண்டப் போனார். பகல் சாப்பாட்டுக்கு எனக்கு மட்டும் முட்டை இரண்டு வைத்தார். அவர் எதற்கு எனக்கு இரக்கம் காட்ட வேண்டும்?

வேலைகள்:
4ஆம் அறை சுடுதண்ணீர் – சரி.
அம்மாவுக்கு ஸ்வெட்டர் – இனித் தேவையில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

எல்லா அறையும் நிறைந்துவிட்டது. வாசலில் பஞ்சில் செய்த பனி ஒட்டினோம். ஒரு பிரான்ஸ்காரப் பிள்ளை அதைப் பிய்த்து வாயில் போட்டது.

மேடம் கூப்பிட்டுச் சொன்னார், ஜனவரியிலிருந்து மெனேஜர் நான்தான். கேக் தந்தார். கேட்டது கிடைத்துவிட்டது. வாழ்த்துகள், சுகந்தி, கலகெதர கடைக்காரர் மகளே.

28 சனி – ஏழாம் இலக்கத்துக்கு 5 பேர்.

டிசம்பர் 26, வியாழன்

அரை நாள் லீவு. நல்ல மழை. கோட்டுப் பை பஸ்ஸில் ஒரு ஆள் இடத்தைப் பிடித்தது. கண்டக்டர் அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னான். பகிடியாம்.

மார்கழி என்று கோயில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டே இருக்கிறது. அம்மா அடுப்புப் பக்கம் குந்தியிருந்தார், அதே ஓட்டை ஜேர்சி. மெனேஜர் வேலை பற்றிச் சொன்னேன். கற்பூரம் கொளுத்தினார். அவ்வளவு சந்தோஷம். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கோட்டைக் கொடுத்து, யார் தந்தது என்று சொன்னேன். பிள்ளையில்லாத அம்மாவுக்கு என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை. போட்டுப் பார்த்தார். கை நீளம், விரல் நுனிகூட வெளியே வரவில்லை. பொக்கற்றில் ஒரு இருமல் மிட்டாய் இருந்தது. வேறு யாருடையதோ சென்ட் வாசம் வீடு முழுக்க.

"நல்ல சூடா இருக்கு," என்றார்.

ராஜேஸ்வரி அக்கா கொழும்பிலிருந்து வந்துவிட்டார், பேரன் பிறந்த சீனி கொண்டுவந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அடியாத்தி! என்னா ஆயாம்மா, தொரச்சாணி மாதிரி! ஏது இது?"

அம்மா காலரைத் தடவிவிட்டுக்கொண்டார். "மக வாங்கிக் குடுத்தா. கண்டியில."

"புள்ளன்னா இப்புடி இருக்கணும்," என்று அக்கா என் தலையைத் தடவினார். நான் குனிந்து சீனியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். வாயில் ஏதாவது இருந்தால் பேச வேண்டியதில்லை.

சுவரில் படம் திரும்ப ஏறியிருந்தது. கண்ணாடி துடைத்து, பூ வைத்து.

பஸ் நிற்கிற வளைவு வரை அம்மா கோட்டோடு வந்தார். குடை எனக்கு, அவருக்குத் தலையில் துவாய். சனிக்கிழமை ஐந்து பேர் என்றேன். இரவல் கதிரை இன்னும் மூன்று வேண்டும் என்றார். ராஜேஸ்வரி கயிறு மாட்டக் காட்டித்தந்ததாகவும், இனி நழுவாது என்றும் சொன்னார். பிறகு கேட்டார்:

"சனிக்கெழம வர்றவங்களும் புள்ளைங்க எத்தனன்னு கேப்பாங்கதானே? என்னா சொல்லட்டும்?"

கோபமாகக் கேட்கவில்லை. சீனி எவ்வளவு என்று கேட்ட அதே குரல்.

பஸ் வந்துவிட்டதும்மா என்று சொல்லிவிட்டு வளைவைத் தாண்டி ஓடினேன். பஸ் வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.