நான் தூங்க வைத்த உன் போன்

உன் போன் இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. காலையில் உன் வீட்டுக்காரி சேக்காட்டிலிருந்து பஸ் பிடித்து அம்பத்தூருக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனாள். உறையைக் கழற்றினேன். குப்பென்று, இரும்பு கடையும்போது ஊற்றுகிற கட்டிங் ஆயில் வாடை. லேத் மெஷினை விட்டு நகர்ந்து எத்தனை சோப்பு போட்டுக் கழுவினாலும் உன் கையை விட்டுப் போகாதே, அதே வாடை. நீ போய் ஏழு மாதம் ஆகிறது, அது இன்னும் போகவில்லை.

"திரும்பவும் மெதுவா ஆயிட்ச்சுண்ணே. ஒருத்தருக்குப் போன் போட்டா யோசிச்சி யோசிச்சிப் போடுது. அவரு இருக்கசொல்ல நீங்கதான சரி பண்ணிக் குட்தீங்க. ஒரு தபா பாருங்கண்ணே" என்றாள்.

"வெச்சிட்டுப் போம்மா, பாக்கறேன்" என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், மதியத்திலிருந்து. திறந்து பார்க்கக் கை வரவில்லை.

ஏன் வரவில்லை என்று அவளிடம் சொல்ல முடியாது. உன் பையனிடம் சொல்லவே முடியாது. அவனிடம் மறைத்ததை வேறு யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் உன்னிடம் சொல்கிறேன். நீ இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்காதே. நீ இருக்கும்போது எனக்கே தெரியாது.

அந்தப் போன் உன்னைப் படுத்திய பாடு நினைவிருக்கிறதா? மெஷின் பக்கம் போன் வரக் கூடாது என்பது நம் கம்பெனிச் சட்டம். எல்லோர் போனும் சாப்பாட்டுப் பையோடு ஸ்டோர் ரூம் ஆணியில் தொங்கும். சாப்பாட்டு மணி அடித்ததும் எடுத்து ஒரு படத்தைத் தொடுவாய். அது திறப்பதற்குள் பாதி டப்பா காலியாகிவிடும். "இன்னா மாமே இது, நவுரவே மாட்டேங்குது. இதுக்கு நம்ம பழைய மெஷினே தேவல" என்பாய். "உனக்கும்தான் வயசாயிடுச்சு, உன்னை எவனாவது குறை சொல்றானா?" என்பேன் நான். அளவு சரிபார்க்கிற இன்ஸ்பெக்ஷனில் மைக்ரோமீட்டர் பிடிக்கிறவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நீங்கள் எல்லோரும் நம்பிவிட்டீர்கள். தெற்கேயிருந்து பிழைக்க வந்த எனக்கு அந்த மரியாதை இனிக்கவும் செய்தது.

அந்தச் சமயத்தில்தான் உன் பையன் விஷயம் வெடித்தது. ஓசூரில் கூட வேலை பார்க்கும் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாலையும் கழுத்துமாக நின்ற படத்தை ஸ்டேட்டஸில் போட்டான். நீ அதைப் பார்த்தது கேன்டீனில், கையில் சோற்றுக் கவளத்தோடு. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து போனாய். "பொண்ணு யாரா இருந்தா இன்னா மாமே. எனக்கு அதுல்லாம் ஒண்ணியும் இல்ல. பெத்தவனுக்கு ஸ்டேட்டஸ்ல சொல்றான் பாரு" என்றாய். அதற்குப் பிறகு அவன் மூன்று முறை கூப்பிட்டான். மூன்று முறையும் நீ துண்டித்தாய். நான்காவது முறை அவன் கூப்பிடவில்லை.

அந்த மாதம் ஒரு சனிக்கிழமை, அரை ஷிப்ட் முடிந்து உன் வீட்டுக்கு வந்தேன், போனைச் சரி செய்ய.

பொறுப்பாகத்தான் செய்தேன். இதை நான் சொல்லியே ஆக வேண்டும். மெயின் ரோட்டுக் கடைக்காரர் மொத்தமாக அழித்துப் புதுசாக்கிவிடலாம் என்றாராம். "அறிவிருக்கா அந்தாளுக்கு?" என்று கத்தினேன். "எதையும் அழிச்சிடாத மாமே. அவன் சின்னப் புள்ளையா இருந்த போட்டோல்லாம் அதுலதான் கீது" என்றாய். அவன் பேரைச் சொல்லாமல் 'அவன்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. லேப்டாப்பைக் கொண்டு வந்து எல்லாப் படங்களையும் அதில் ஏற்றினேன். ஏறியிருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். அப்புறம்தான் மூன்று நான்கு முறை பதிந்திருந்த படங்களையும், ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்களையும் நீக்கினேன். ரயிலில் எவனோ சொன்னான் என்று 'வேகம் கூட்டும்' ஆப் ஒன்றை ஏற்றி வைத்திருந்தாய். அதுதான் உள்ளே உட்கார்ந்து விளம்பரம் காட்டிக்காட்டிப் போனையே தின்றுகொண்டிருந்தது. அதைத் தூக்கி எறிந்தேன். பாதியில் நின்றிருந்த அப்டேட்டை முடித்தேன். ஒரு படம்கூடப் போகவில்லை. உன் பையன் முதல் வகுப்புச் சீருடையில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற படத்தை நானே எடுத்துக் காட்டினேன். பார்க்காத மாதிரி பார்த்தாய்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். போன் அதற்குள்ளேயே நன்றாக ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் எனக்கு அரைகுறை வேலை பிடிக்காதே. மெஷின் ஷாப்பில் நமக்குப் பழக்கம் என்ன? ஓடாத மெஷினுக்கு மெயினை அணை. அதே புத்தியோடு ஒவ்வொரு ஆப்பாகப் பார்த்து, தேவையில்லாததை எல்லாம் தூங்க வைத்தேன். மெசேஜ் ஆப் வந்தது. "இதைப் பார்ப்பியா?" என்றேன்.

"அதத் தொறக்கவே புடிக்கல மாமே. அந்தப் படத்தையே புரொபைல்லயும் வெச்சிகினு கீறான். தொறந்தா அந்த மாலைதான் மொதல்ல வருது."

"அப்போ தூங்கட்டும்."

கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. நீங்களாகத் திறக்கும்வரை இதற்கு எந்தச் செய்தியும் வராது என்று. நான் அதைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் அழுத்தினேன். படிக்காமல் அழுத்தியிருந்தால் இன்று கொஞ்சமாவது தூங்குவேன்.

போன் பறந்தது. "ஆத்தாடி, சூப்பரு மாமே! தொடறதுக்குள்ள தொறக்குது பா" என்று உன் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாய். கேழ்வரகு அடை சுட்டுக் கொடுத்தாள். இரண்டு தின்றேன், வெட்கமில்லாமல்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டீ வேளையிலும் ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாய். போன வேகத்தில் திரும்பி வருவாய். எண்ணெய்க் கையோடு நோண்டுகிற பழக்கம் உனக்கு எப்போதும் கிடையாது. மணி அடித்திருந்தால், திரை மேலே ஏதாவது தெரிந்தால், அப்போதுதான் திறப்பாய். ஒரு நாள் கேட்டாய்: "மாமே, இதுல மணி ஒயுங்கா அடிக்குதா? ஒரு கால் போடு பாப்போம்." போட்டேன். அடித்தது. "அடிக்குதுல்ல? கல்லு மாதிரி இருக்கு போன். நான் சரி பண்ணதுடா" என்றேன். "அடிக்குது அடிக்குது" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாய். நீ எதற்காகக் காத்துக்கொண்டிருந்தாய் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

ஞாயிறு காலை உனக்கு நெஞ்சுவலி என்று உன் வீட்டுக்காரி அழுதுகொண்டே கூப்பிட்டாள். நான் ஆவடிக்கு வந்து சேர்ந்தபோது உன்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். உன் சட்டையையும் போனையும் என் கையில் திணித்துவிட்டு அவள் சீட்டு வாங்குகிற இடத்துக்கு ஓடினாள். உனக்கு நினைவு இருந்தது. ஆக்ஸிஜன் முகமூடி போட்டிருந்ததால் பேச முடியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தாய், வலித்தது. ஒரு நாலைந்து நிமிஷம் இருக்கும். அவ்வளவு நேரமும் உன் போன் என் சட்டைப் பையில் இருந்தது. எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. உனக்கு ஒன்றும் ஆகாது என்று என்னென்னவோ உளறிக்கொண்டிருந்தேன்.

உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகுதான் பையனுக்குச் சொல்ல வேண்டுமே என்று போனை எடுத்தேன். உன் எண்ணைப் பார்த்தால் பயந்துவிடுவான் என்று, அவன் நம்பரை மட்டும் பார்த்து என் போனிலிருந்து கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சரி, நீ எழுதுகிற மாதிரி ஒரு வரி போட்டால் உடனே பார்ப்பான் என்று அந்த மெசேஜ் ஆப்பைத் திறந்தேன். மடமடவென்று கொட்டியது. எல்லாவற்றுக்கும் மேலே அவன். வியாழக்கிழமை சாயங்காலம் எழுதியிருந்தான்.

"அப்பா, அவ முழுகாம கீறா. நேத்துதான் டாக்டர் சொன்னாங்க. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். யாருக்கும் சொல்லல, ஸ்டேட்டஸ் கூட போடல. ஞாயித்துக்கெழம நாங்க வரட்டுமாப்பா? வேணாம்னா வரல."

கதவுக்கு ஓடினேன். நர்ஸ் தடுத்தாள். "சார், உள்ள வரக் கூடாது. தள்ளி நில்லுங்க."

"ஒரே ஒரு விஷயம்மா. காதுல சொல்லிட்டு வந்துடறேன். அரை நிமிஷம்."

"அவரு இப்போ கேக்குற நெலமைல இல்ல சார். எங்கள வேலை செய்ய வுடுங்க." கதவு மூடியது. அவள் மேல் தப்பில்லை. உள்ளே எத்தனை பேர் உன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்களோ. நான் பெஞ்சில் உட்கார்ந்து, முதல் வேலையாக அந்த ஆப்பைத் தூங்கும் பட்டியலிலிருந்து எடுத்தேன். யாருக்காக எடுத்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

நான் மறுபடி கூப்பிட்டுச் சேதி சொல்ல, உன் பையன் நாலு மணி வாக்கில் வந்தான், அந்தப் பெண்ணோடு. அவனுடைய அழுகையை நான் எழுத மாட்டேன். மறுநாள் பால் ஊற்றிவிட்டு, சுடுகாட்டுக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"மாமா, வியாழக்கெழமலேந்து ஒத்த டிக்குதான் இருந்துச்சு. அப்பா என்னைய பிளாக் பண்ட்டாரு போலன்னு நெனச்சேன். நேத்து காலைல குளிச்சிட்டு வந்து பாக்கறேன், ரெண்டும் நீலமா கீது. எட்டே முக்காலுக்குப் படிச்சிருக்காரு. நீங்க அப்போ கூட இருந்தீங்களா?"

அந்த நீலம் என் விரல் பட்டு விழுந்த நீலம்.

"அத படிச்ச கோவத்துலதான் அப்பாவுக்கு... சொல்லுங்க மாமா. நான் எழுதாம இருந்திருக்கணுமா?" சீருடைப் படத்தில் மூக்கைச் சுருக்கியிருந்தானே, அதே முகம்.

உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். உங்கப்பன் படிக்கவே இல்லைடா. நாள் தவறாமல் மணி அடிக்கும் அடிக்கும் என்று காத்துக்கொண்டிருந்தான், அந்த மணியைக் கட்டிப்போட்டவன் நான். சொல்லியிருந்தால் தன் எழுத்துதான் உன்னைக் கொன்றது என்கிற பயம் அவனை விட்டுப் போயிருக்கும். நீ படித்தாய் என்கிற ஒரே நிம்மதியும் போயிருக்கும். அவனுக்காகச் சொல்லாமல் விட்டேனா, எனக்காகவா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"கோவமா? யாரு சொன்னா? உள்ளே கொண்டு போறதுக்கு முன்னாடி நான்தான்டா படிச்சுக் காட்டினேன். சிரிச்சான். முகமூடியத் தள்ளிட்டு, 'புள்ளைக்குப் பேரு நான்தான் வெப்பேன்'னு சொன்னான்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? யோசித்துச் சொன்னதில்லை. வாய்க்கு வந்தது.

அவன் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுதான், ஆனால் அது வேறு அழுகை. எழுந்து போய் முதலில் அந்தப் பெண்ணிடம் சொன்னான். அப்புறம் அம்மாவிடம். சாயங்காலத்துக்குள் உன் தெருவுக்கே தெரிந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் எல்லாம் உன் வீட்டுக்காரி அழுகைக்கு நடுவே இதைச் சொல்வாள்: "பேரு அவரே வெக்கறேன்னு சொல்ட்டுப் போனாருக்கா." நான் அங்கேயே உட்கார்ந்து தலையாட்டுவேன்.

இன்று மதியம் உன் பையன் கூப்பிட்டான். பெண் குழந்தை. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். முடி அடர்த்தியாக இருக்கிறதாம், அழுதால் வார்டே எழுந்துவிடுகிறதாம். சந்தோஷத்தில் நானும் கத்தினேன். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மாமா, அன்னைக்கு நான் கேக்கல, கேக்குற தைரியம் இல்ல. அப்பா பேரு ஏதாவது சொன்னாரா? அவரு சொன்ன பேருதான் வெக்கணும்னு அவ ஒத்தக் கால்ல நிக்கறா. நாங்க வேற எதுவும் பாத்து வெக்கல."

"நேர்ல வாடா, சொல்றேன்" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை அவனும் உன் வீட்டுக்காரியும் வருகிறார்கள். பதினெட்டு வருஷம் உன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். உனக்குச் சாம்பாரில் முருங்கைக்காய் பிடிக்காது, ஜன்னலோரம்தான் உட்காருவாய், தும்மினால் மூன்று தும்மல், எல்லாம் தெரியும். ஒரு பெண் குழந்தைக்கு நீ என்ன பேர் வைப்பாய் என்று மட்டும் தெரியாது. உன் அம்மா பேரா? இல்லை, காலத்துக்குத் தகுந்த மாதிரி சின்னதாக, வாய்க்குள் அடங்குகிற பேரா? பேத்தி என்று தெரிந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? சிரித்தாவது இருப்பாயா? அதையும் நான்தானே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எதிரில் உட்கார்ந்து நான் ஒரு பேர் சொல்லத்தான் போகிறேன். அந்தப் பிள்ளை ஆயுசு முழுக்க அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்க்கும். என் தாத்தா வைத்த பேர் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளும்.