சூரியனை முந்த ஒரு வண்டி

நேற்று மாலை எங்கள் கோயில் வாசலில் யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போயிருந்தார். சந்தன மணத்தினூடே பெட்ரோல் வாடை வந்தது. என்னை அறியாமல் என் கை நீண்டு அதன் இஞ்சினைத் தொட்டுப் பார்த்தது. நண்பரே, நீங்கள் மறைந்து ஆண்டுகள் பலவாயின. இந்தத் தொட்டுப் பார்க்கும் புத்தி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

திண்டிவனத்துப் பள்ளியில் நீங்கள் கணக்காசிரியர், நான் தமிழாசிரியன். உங்கள் ஊர் வளவனூர், என் ஊர் மேல்சித்தாமூர். கதிர் மறைந்தபின் உண்பதில்லை என்பது நயினார் என்று ஊரார் அழைக்கும் எங்கள் சமணக் குடும்பத்தின் விரதம். வெளியில் சமைத்ததையும் தொடமாட்டேன். பள்ளி விட்டுப் பேருந்துக்குக் காத்து நின்று வீடு சேர்வதற்குள் இருட்டிவிடும். பிறகு வெறும் வயிற்றோடு படுக்கைதான். அதனால்தான் 1960-களின் தொடக்கத்தில் ஒரு மார்கழிக் காலையில், என் முதல் வண்டியைத் தேர்ந்தெடுக்க உங்களை விழுப்புரத்துக்கு அழைத்துச் சென்றேன். நீங்கள் அதற்கு முன்பே வண்டி ஓட்டிப் பழகியவர். நானோ மிதிவண்டியைத் தாண்டாதவன்.

ரயிலடிக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் தரகர் இரண்டு பழைய வண்டிகளை நிறுத்தியிருந்தார். ஒன்று பெரியது, யானைக்கன்று போல. மற்றது மெலிந்தது. என் கண் பெரியதை விட்டு அகலவில்லை.

"ராஜா மாதிரி வண்டி சார். ஒரே உதைதான், கிளம்பிடும்" என்றார் தரகர்.

அவர் உதைப்பதற்குள் நீங்கள் இஞ்சின்மேல் கை வைத்தீர்கள். "இம்மாம் பனி கொட்டுது, இது மட்டும் சுடுதே. நாங்க வர்றதுக்கு முன்னாடியே எழுப்பி காப்பி குடுத்துட்டியா?"

"இன்னா சார், இப்படி சந்தேகப்படறீங்க! ஓனருக்கு இடுப்பு வலி, அதான் விக்கறாரு."

"வலி வண்டிக்கு முன்னாடி வந்துதா, பின்னாடி வந்துதா?"

ஆறிய இஞ்சின் கிளம்புவதுதான் சோதனை என்று, வண்டி ஆறும்வரை உட்கார்ந்தீர்கள். ஆறியபின் நீங்களே உதைத்தீர்கள், கிளம்பியது. சங்கிலி, பிரேக்கு, சக்கரம், யாவும் சரி. எல்லாம் பார்த்துவிட்டு, "வேணாம் நயினாரே" என்று சொல்லித் தேநீர்க் கடைக்கு நடந்தீர்கள்.

தரகர் என் காதருகே குனிந்தார். "உங்க ஃப்ரெண்டு தனக்கே எடுத்துக்கலாம்னு பாக்கறாரு. உஷாரா இருங்க சார்."

நஞ்சு இறங்கத் துளி போதும். கடை வாசலில் உங்கள் முகத்தை ஆராய்ந்துகொண்டு நின்றேன். "வண்டியில் குறை இல்லையே. பின் ஏன் மறுக்கிறீர்கள்? உங்களுக்கு வேண்டுமோ?" என்று கேட்டே விட்டேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. "வண்டி மேல சந்தேகம் இல்ல நயினாரே, உங்க மேலதான். சாயங்காலம் மேற்கால போற ரோடு. எதிர்ல சூரியன் எறங்கிக்கினே இருக்கும். அத முந்தணும்னு முறுக்குவீங்க. மாட்டுவண்டி வர்றது கண்ணுல படுமா? வேகமா போற வண்டி கெடச்சா, உங்க விரதமே உங்கள அடிச்சுப்புடும்."

"விரதம் முறிந்தால்?"

"சாப்பிடாம படுத்தா விரதம் முறியாதுங்க. காலைல எழுந்து சாப்பிடலாம்."

எறும்பை மிதிக்க அஞ்சி மயிற்பீலியால் வழி துடைத்து நடக்கும் துறவியரை வணங்கி வளர்ந்தவன் நான். சிற்றுயிர்கள் சாகாதிருக்கவென்றே வந்த இரவுண்ணா நோன்பைக் காப்பதற்கு எவ்வுயிரையும் பாராமல் விரைய இருந்தேன். திரும்பிச் சென்று, வேகம் போகாத அந்த மெலிந்த வண்டியைக் காட்டினேன். நீங்கள் அதையும் ஆறவைத்துத்தான் வாங்கவிட்டீர்கள்.

தை பிறந்ததும் ஒரு மாலை, திண்டிவனத்தைத் தாண்டியதும் கரும்பு வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு வந்தன. கதிரவன் பனைகளுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தான். வண்டிகளுக்கு இடையில் ஒரு சந்து தெரிந்தது. நுழைந்தால் வீட்டில் உணவு உண்டு. என் கை முறுக்கத் தொடங்கியது. அந்தக் கையை நான் நம்பவில்லை. ஓரத்தில் நிறுத்தினேன். அடுத்த கணம் அந்தச் சந்தில் ஒரு கன்று, தாய்ப்பசுவைத் தேடி ஓடி வந்தது. அது கடந்து போகும்வரை அங்கேயே நின்றேன். பிறகு இருட்டில் மெல்ல வீடு சேர்ந்து, பசியோடு படுத்தேன்.

இன்று என்னிடம் வண்டி இல்லை, கண்ணும் மங்கிவிட்டது. உலகம் பிறர் எண்ணத்தை ஐயுறச் சொல்கிறது. நீங்கள் எனக்குத் தந்தது வேறு ஐயம். நல்ல காரியம் என்று என் மனம் எதற்காவது விரையும்போதெல்லாம், அந்த நல்லதைத்தான் நான் முதலில் நிறுத்தி விசாரிக்கிறேன்.