எந்த வீட்டு மாப்பிள்ளை

கிள்ளான்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நசீமா ஆன்டிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஷைமா. பிரிக்பீல்ட்ஸில் அலுவலக வேலை. அங்கே துணிக்கடை வைத்திருக்கும் உங்கள் ஊர் இக்ராம் அண்ணன்தான் முகவரி தந்தார். அவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, கடை வாசல்வரை போய்த் திரும்பிய நாள்கள் உண்டு.

என் வாப்பாவின் தாத்தா நஜ்முதீன் கீழக்கரையிலிருந்து கப்பலேறி வந்தவர். வாப்பா டிசம்பரில் அங்கே வரத் துடிக்கிறார். தாத்தாவின் வீடு உங்கள் தெருவில்தானாமே? இன்னும் இருக்கிறதா? ஒரு படம் அனுப்புவீர்களா?

ஷைமா

கீழக்கரை
26 ஆகஸ்ட்

ஷைமாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். என்னை இங்கே யாரும் ஆன்டி என்பதில்லை. மாமி என்றால் போதும்.

நலம்கூட விசாரிக்காமல் வீட்டைக் கேட்கிறாய். எழுதச் சொன்னது வாப்பாவா, வக்கீலா? போன வருஷம் அடுத்த தெருவில் ஒருவன் 'தாத்தா வீடு' என்று பத்திரத்தோடு வந்து நின்றான். நல்ல பிள்ளையென்றால் இத்தோடு விட்டுவிடு.

நசீமா

கிள்ளான்
14 செப்டம்பர்

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் கடிதத்தை வாப்பாவிடம் காட்டவில்லை. அவர் பெட்டிகூட வாங்கிவிட்டார். ஒரு படத்துக்கு இவ்வளவு பயமா, எதை மறைக்கிறீர்கள் என்று எனக்கும் சந்தேகம்தான். இக்ராம் அண்ணனிடம் சொன்னேன். சேலை பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே சிரித்துவிட்டார்.

"எங்க ஊர்ல ஆம்பளைக்கு ஏதும்மா வீடு? வீடு பொம்பளப் பிள்ளைக்கு. கல்யாணம் முடிஞ்சா மாப்பிள்ளை அங்கே போயிருவாரு. 'எந்த வீட்டு மாப்பிள்ளை'ன்னு கேட்டிருக்கணும் லா. வீட்டக் கேட்டா, பிடுங்க வர்றான்னுதான் நினைப்பாங்க!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே கல்யாணம் முடித்த பிறகும், "ஊரில் எனக்கு வீடு இருக்கு" என்று தாத்தா சொல்வாராம். அந்தச் சொல்லுக்கு இப்போதுதான் பொருள் தெரிகிறது.

மாமி, அவர் எந்த வீட்டு மாப்பிள்ளை?

ஷைமா

கீழக்கரை
3 அக்டோபர்

ஷைமா,

இந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன். இந்த வீட்டு மாப்பிள்ளை.

அவர் மனைவி ஆமினா, என் உம்மாவைப் பெற்றவள். கப்பலேறியவரிடமிருந்து பிறகு தகவலே இல்லை. புருஷன் மவுத்தானால்தானே கல்யாணத்தில் கட்டிய கருகமணியைக் கழற்றுவது? அவள் கழற்றவில்லை. மறுமணம் பேச வந்தவர்களிடம், "எனக்கு மாப்பிள்ளை இருக்காரு" என்று கதவைச் சாத்தினாள். அவள் உயிர் அடங்கும்போது நான் பிள்ளை பெற்றவள்.

அவர் மவுத்தானது எந்த வருஷம்? பார்த்து எழுது. ஊகித்து எழுதாதே.

நசீமா

கிள்ளான்
20 அக்டோபர்

அன்புள்ள மாமிக்கு,

வாப்பாவிடம் எல்லாம் சொல்லி, தாத்தாவை அடக்கிய மையவாடிக்குக் கூட்டிப்போனேன். தலைமாட்டு மீசான் கல்லில் பாசி. வாப்பாவே கைக்குட்டையால் துடைத்தார்.

1941.

ஆமினா உம்மாவுக்கு அப்போது முப்பதாவது ஆகியிருக்குமா? தாத்தா மவுத்தானதை இங்கிருந்து யாரும் ஒரு வரி எழுதவில்லை.

வாப்பா வீட்டுக்கு வந்ததும், "அவங்க வாசல்ல நான் யாருன்னு சொல்லிக்கிட்டு நிக்கிறதும்மா?" என்றார். நீங்கள் சொல்லுங்கள்.

ஷைமா

கீழக்கரை
11 நவம்பர்

ஷைமாவுக்கு,

இருபத்தொன்பது.

அவளுக்காக யாசீன் ஓதினோம். அவருக்காக ஓத இந்த வீட்டில் இன்னும் யாருக்கும் நாவு எழவில்லை. உன் வாப்பா இந்த வருஷம் வரவேண்டாம்.

நீ எழுது.

நசீமா மாமி