பெட்கானாவின் பெயர்நாள்

லுபென் கண்ணுக்கு,

இந்த வருடம் என் பெயருக்குரிய புனிதையின் திருநாளில், என் பெயர்நாளுக்கு முதல் வாழ்த்து உன்னிடமிருந்து வரவில்லை. “அன்புள்ள பெட்கானா, இருபது சுற்று இலவசம்” என்று ஏதோ ஆன்லைன் சூதாட்டக் கம்பெனி என் போனுக்கு அனுப்பியிருந்தது. பெயர்நாளுக்கு யாரும் அழைக்காமலே வரலாம் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. பூசணி வைத்துச் சுட்ட பானிட்சா சாப்பிட வந்த பக்கத்து வீட்டு ஸ்டாம்கா அதைப் படித்துவிட்டு, “ஏண்டி, சூதாடுறியா? சொல்லவே இல்லையே” என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

“அம்மா, கரண்ட் பில் கட்ட உன் பேர்ல ஆன்லைன் வாலட் போட்டிருக்கேன். ஒரு நம்பர் வரும், படிச்சுச் சொல்லு” என்று போனில் சொல்வாய். புதனும் சனியுமாக வாரம் இரண்டு தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துச் சொன்னேன். அந்தப் பணம் எங்கே போனது என்று நான் கேட்கப்போவதில்லை.

திங்கட்கிழமை வரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வைத்திருக்கும், சூதாட விடக்கூடாதவர்கள் பட்டியலில் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தச் சூதாட்டக் கணக்கு என் பெயரில்தானே இருக்கிறது. “எத்தன வருஷமா ஆடுறீங்கம்மா?” என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

“முப்பத்தொரு வருஷமா” என்றேன். உன் வயது அவளுக்குத் தெரியாது.

இனி எந்த நம்பரையும் படித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புதனும் சனியும் சாயங்காலம், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா