வாசல் சுவரில் சுமலதா

சுமலதா அப்பாவுக்கு,

அரூருக்கு அக்கா வூட்டுக்குப் போறேன். களி கிண்டி வெச்சிருக்கேன், கீரைக் கொழம்பைச் சூடு பண்ணிக்குங்க.

பெயிண்டிங் கான்ட்ராக்டர் குரு காலையில அக்ரிமென்ட் வாங்க வருவாரு. சாமி படத்துக்குப் பின்னால இருக்குது. வூடு எம்பேர்ல இருக்கறதால நான் கையெழுத்துப் போட்டுட்டேன். வாசல் சுவத்துல இருக்கற "சுமலதா இல்லம்" சிமென்ட் எழுத்தைக் கொத்தி எடுக்கணும்னு நீங்க சேர்க்கச் சொன்ன வரியை மட்டும் அடிச்சிருக்கேன். அடிச்ச எடத்துல நீங்களும் கையெழுத்துப் போடுங்க.

செத்த புள்ள பேரைப் பாத்துக்கிட்டே தெனம் உள்ள நுழைய முடியலன்னு நேத்து அழுதீங்க. நான் கத்திட்டேன்.

கலைமணி

இன்னொண்ணு. எழுத்து மேலயே சுவத்துக் கலரை அடிச்சிடச் சொல்லுங்க. உங்க கண்ணுக்குத் தெரிய வேணாம். நான் தடவினா கையில தட்டுப்பட்டாப் போதும்.